அந்தோனியாரின் ஈர்ப்பு மையம்

கவிழ்கிற சாமான்களைப் பற்றிப் படிப்பிப்பது என் தொழில். அந்தத் தொழிலில் முதலில் கவிழ்வது படிப்பிக்கிறவன்தான்.

கரும்பலகைக்கு முன்னால் வெண்கட்டித் தூள் தின்று காலம் தள்ளியவர்கள் இதை வாசித்தால் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நீட்டி எழுத மாட்டேன். எனக்கு அந்த வியாதி இல்லை.

சண்டை முடிந்து, சனம் மன்னார்க் கரைக்குத் திரும்பி வந்து, தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே குந்தியிருந்த காலம். ஓய்வு பெற்று வீட்டில் கிடந்த என்னை ஒரு தொண்டு நிறுவனத் திட்டக்காரர்கள் வந்து கூப்பிட்டார்கள். கட்டட வேலை மேற்பார்வையாளருக்கு ஒரு வருசப் பயிற்சியாம். வீட்டுத்திட்டம் வருகிறதாம். சான்றிதழ் உள்ளவனுக்கு அவனவன் ஊரிலேயே வேலையாம். நீங்கள் நிலையியல் எடுக்க வேணும் என்றார்கள். வீட்டில் இருந்தால் தேங்காய் துருவ வேண்டும். ஓம் என்றேன்.

நிலையியல் என்றால் அசையாமல் நிற்கிற பொருள்களைப் பற்றிய படிப்பு. ஒன்பது தரம் இடம்பெயர்ந்த சனத்துக்கு அதைப் படிப்பிக்க என்னைத் தேடிப் பிடித்த மூளையை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன்.

அசையாத தரை

தோட்டவெளிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் வகுப்பு. வெயிலுக்கு வெதுப்பகம், மழைக்கு மேளம். முதல் நாள் கரும்பலகையில் ஒரு பெட்டி கீறினேன். நடுவில் புள்ளி வைத்தேன். "இது ஈர்ப்பு மையம். பெட்டியின்ர பாரம் முழுக்க இந்த ஒரு இடத்தில இருக்கிறதா வைச்சுக்கொள்ளுங்கோ." புள்ளியிலிருந்து நேரே கீழே ஒரு கோடு இழுத்தேன். "இந்தக் கோடு அடிக்குள்ள விழுந்தால் பெட்டி நிக்கும். அடிக்கு வெளியில விழுந்தால் கவிழும். இவ்வளவுதான். மிச்சமெல்லாம் கணக்கு."

முப்பத்தொரு வருசமாக இதைச் சொல்லி வந்தவன் நான். ஒருவரும் மறுத்ததில்லை. விளங்கியதாலா, நித்திரையாலா என்று நான் விசாரித்ததும் இல்லை. அன்றைக்கு முன் கதிரையிலிருந்து ஒரு கை எழும்பியது. எமிலியான். வயது நாற்பத்து மூன்று. முசலிப் பக்கத்துக் கடற்கரை ஊர். ஊர்ப் பெயரை எழுதவில்லை. அந்த ஊர் மூப்பர் இன்னும் உயிரோடு இருக்கிறார். எமிலியான் கடல் தொழிலுக்குப் போன வள்ளம் இடப்பெயர்வில் போய்விட்டது. மேற்பார்வையாளர் வேலை கிடைக்காவிட்டால் அடுத்தவன் மீன்வாடியில் வலை இழுக்க வேண்டியதுதான். ஆகவே இரண்டு பஸ் மாறி வந்து முன்னால் குந்தியிருப்பார். தரை சாய்ந்தால் என்ன செய்வது என்று கேட்டார். தரை அசையாது என்று வைத்துக்கொண்டுதான் கணக்கே தொடங்குகிறது என்றேன். மனிதர் என்னைப் பார்த்தார். பாவம் பார்க்கிற பார்வை.

"தரை அசையாதெண்டு ஆர் சொன்னது சேர்? பாதி நாள் கடலில நிண்டனான். மிச்ச நாளில நிண்ட தரையெல்லாம் போயிற்றுது."

நன்கொடை அலுமாரி

திட்டத்தின் இணைப்பாளர் ஒரு இளம் பிள்ளை. கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு, வாயில் 'வலுவூட்டல்'. கொட்டகைக்கு ஒரு இரும்பு அலுமாரி கொண்டுவந்து வைத்தார். கீழ்த்தட்டில் கரையான் ஏறும் என்று கோப்பெல்லாம் மேல்தட்டில். இரும்புக்குக் கரையான் ஏறுமா என்று நான் கேட்கவில்லை. எனக்கென்ன, படிப்பிக்க ஒரு சாமான் கிடைத்தது.

கயிற்றைத் தரைக்குக் கிட்டக் கட்டி இழுக்கச் சொன்னேன். அலுமாரி மணலில் வழுக்கிக்கொண்டு வந்தது. "பார்த்தியளோ, கீழ இழுத்தால் வழுக்கும். மேல இழுத்தால் கவிழும். ஏனெண்டு சொல்லுங்கோ." சரி, காட்டுகிறேன் என்று கயிற்றை மேலே கட்டினேன். மெல்ல இழுங்கோ என்றுதான் சொன்னேன். மெல்லத்தான் இழுத்தார்கள். வருசம் முழுக்கப் பூச்சிய விளைவு தந்த என் செய்முறைகளில் அது ஒன்றுதான் பாடப்புத்தகத்தில் சொன்னபடி நடந்தது. அலுமாரி கவிழ்ந்து கதவு வளைந்தது. காலாண்டு அறிக்கையெல்லாம் மணலில் பரந்தது. என் கணுக்கால் மட்டும் தப்பியது.

சத்தம் கேட்டு இணைப்பாளர் ஓடி வந்தார். நான் ஈர்ப்பு மையத்தைப் பற்றி விளக்கம் சொன்னேன். அவர் அறிக்கைகளைப் பொறுக்கியபடியே சொன்னார்:

"சேர், இது நன்கொடையா வந்த சாமான். இதில நீங்க விதியெல்லாம் பாவிக்கக் கூடாது."

ஒரே வாய்க்கால்

பெருநிலப் பக்கத்து வயற்காரி பவளராணி. முப்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, நாக்கில் மிளகாய்த்தூள். வகுப்பில் எமிலியானுக்குப் பக்கத்துக் கதிரை. இருவருக்கும் வேலை ஒருவரை ஒருவர் நக்கலடிப்பது. கடல்காரருக்குப் பெருக்கல் வராது என்பது அவர் கட்சி. வயற்காரருக்குச் சாய்வு தெரியாது, சேறு மட்டும்தான் தெரியும் என்பது எமிலியான் கட்சி.

சாய்ந்த வீதியில் போகிற பெட்டி எப்போது கவிழும் என்று ஒரு நாள் எடுத்தேன். சின்ன உழவு மெசின் பெட்டியையே உதாரணமாக வைத்தேன், லாண்ட்மாஸ்டருக்குப் பின்னால் கொளுவுகிறதே, அது. "சில்லுக்குச் சில்லு அகலத்தில பாதியை எடுங்கோ. ஈர்ப்பு மையத்தின்ர உயரத்தால பிரியுங்கோ. வீதி அதைவிடச் சாய்ஞ்சால் பெட்டி கவிழும். உயரமா ஏத்தினால் கெதியாக் கவிழும்." பவளராணி வேகமாகத் தலையாட்டினார். விளங்கிவிட்டது என்று எனக்கு ஒரு சந்தோசம். தொழிலில் அது அபூர்வம். வீட்டில் லாண்ட்மாஸ்டர் நிற்கிறதாம். புருசன் தவம் வைக்கோல் ஏற்றும்போது வானத்தைத் தொடும்வரை ஏற்றுவாராம். அப்படியானால் இன்றைக்குப் போய் இந்தக் கணக்கை அவருக்குச் சொல்லிக்கொடுங்கோ என்றேன்.

"சொல்லத் தேவையில்லை சேர். அவர் மூண்டு தரம் கவிட்டவர். ஆனா பிழை சொல்லக் கூடாது, மூண்டு தரமும் ஒரே வாய்க்காலிலதான்."

ஐந்து புள்ளிக் கேள்வி

அரையாண்டுச் சோதனை வைத்தேன். கடைசிக் கேள்வி இது: பாரம் ஏற்றிய பெட்டி ஒன்று ஒரு பக்கம் சாய்ந்து கவிழும் தறுவாயில் நிற்கிறது. கவிழாமலிருக்கச் செய்யக்கூடியவை இரண்டு தருக. புள்ளி ஐந்து. விடை என்ன? பாரத்தைத் தாழ ஏற்றுதல், அடியை அகலமாக்குதல். பச்சைத் தண்ணீர் மாதிரி விடை. ஆறு மாதம் கத்தினது இதற்குத்தான்.

எமிலியான் இப்படி எழுதியிருந்தார்: 'மேட்டுப் பக்க விளிம்பில் நாலு பேர் ஏறி வெளியால் தொங்க வேண்டும். பாரமான ஆட்கள் என்றால் மூன்று பேரே காணும், நாலாவது ஆள் தேவையில்லை.' சிவப்புப் பேனையால் சைபர் போட்டேன். கூட்டிப் பார்த்தால் முப்பத்தாறு. நாற்பது எடுத்தால்தான் சான்றிதழ்.

விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாய் வள்ளத்தைக் காற்று சாய்த்தால் மறுபக்கம் பலகை நீட்டி, ஆட்கள் ஏறிக் குந்தி, வள்ளத்தை நிமிர்த்துவதுதானே என்றார். இது வள்ளம் இல்லை, பெட்டி என்றேன். சாய்வது எல்லாம் ஒன்றுதானே என்றார். கேள்வியில் ஒரு பெட்டி இருக்கிறது, ஒரு சாய்வு இருக்கிறது, ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எரிச்சல்.

"பெட்டி கவிழப் போகுதெண்டு நீங்கதான் எழுதியிருக்கிறியள் சேர். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிக்கிற சனம் எங்கட ஊரில இல்லை."

மூப்பரின் பன்னிரண்டு அடி

நாற்பது எடுக்காதவர்களுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். உண்மையான ஒரு சாமானை எடுத்து, கவிழுமா நிற்குமா என்று கணக்குப் போட்டு, நிறுத்திக் காட்ட வேண்டும். கணக்குச் சரிவந்தால் குறைகிற புள்ளியை நான் போடலாம். மற்றவர்கள் கதிரை, மேசை என்று கொண்டுவந்தார்கள். எமிலியான் அந்தோனியாரைக் கொண்டுவந்தார்.

விசயம் இதுதான். ஊருக்குத் திரும்பியபின் முதல் கோயில் பெருநாள் வருகிறது. அந்தோனியார் சொரூபமும் சனத்தோடு இடம்பெயர்ந்த சொரூபம். வலையில் சுற்றி, சாக்கில் கட்டி, எமிலியானின் தோளில் திரிந்தது. இரண்டு விரல் போனது தவிர முழுதாக வந்து சேர்ந்துவிட்டது. பவனிக்குச் சொரூபத்தை ஒரு கூட்டில் வைப்பார்கள், பலகையாலும் கடதாசிப் பூவாலும் கட்டின சின்னக் கோபுரம். முந்தி தோளில் தூக்குவார்களாம். இப்போது தூக்குகிற வயதில் ஆட்கள் காணாது. ஆகவே பெட்டியில். லாண்ட்மாஸ்டர் யாருடையது? பவளராணி வீட்டினது. ஓட்டுவது யார்? தவம். வாசகர்கள் வாய்க்காலை மறந்திருக்க மாட்டீர்கள். கூடு கட்டுகிற பொறுப்பு எமிலியானுடையது. நிமிர்ந்து ஊர் சுற்றி வந்தால் சான்றிதழ். விழுந்தால் சான்றிதழும் இல்லை, இத்தனை வருசம் காவித் திரிந்தவனே போட்டு உடைத்தான் என்ற பேரும் மிஞ்சும்.

ஊருக்குப் போய் அளந்தேன். கூடு பன்னிரண்டு அடி. பெட்டியின் அகலம் நாலு அடி. கணக்குப் பார்க்கவே தேவையில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. மூன்று அடி வெட்டச் சொன்னேன். மூப்பர் சந்தியோகு, எழுபது வயது, வெள்ளை வேட்டி, கோயில் காரியம் எல்லாம் அவர் கையில். வெட்ட ஏலாதாம், அயலூர்க் கூடு பதினொரு அடியாம். நான் ஈர்ப்பு மையத்தைப் பற்றி ஆதியிலிருந்து தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டார். முடிவில் என் தோளில் தட்டினார்.

"பெட்டிக்கு இருக்கலாம் சேர், மெசினுக்கு இருக்கலாம், உங்களுக்கும் எனக்கும் இருக்கலாம். அந்தோனியாருக்கு ஈர்ப்பு மையம் கிடையாது."

பதினாலு மூட்டை

மேலே வெட்ட விடமாட்டார்கள் என்றால் கீழே பாரம் ஏற்ற வேண்டும். அதை எமிலியானே சொன்னார். வெறும் வள்ளத்தில் பாய் விரிக்க முந்தி அடியில் மண்மூட்டை போடுவார்களாம். அடிப்பாரம் என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். நான் ஆறு மாதம் படிப்பித்ததை இவர்கள் அறுநூறு வருசமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள், சான்றிதழ் இல்லாமல். அவர் கூட்டினார், நான் பிரித்தேன். பதினாலு மூட்டை வந்தது. பெட்டியின் தரையில் பதினாலு மண்மூட்டை பரவினால், மையம் தாழ்ந்து, அந்த ஊர் வீதியில் உள்ள எந்தச் சாய்வுக்கும் கூடு நிற்கும். கணக்குக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். அந்த இரண்டு கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் மண்ணுக்குப் பஞ்சமில்லை, மூட்டைக்குத்தான். முழு மூட்டை இருந்தது ஒரு இடத்தில்தான். ஆமிக்காரர் விட்டுப் பின்வாங்கின பழைய காவலரணில். பக்கத்தில் இன்னும் ஒரு சின்னக் காவல் இருந்தது. ஒரு ஆமிப் பெடியன் துவக்கோடு வந்து என்ன என்று கேட்டான். எமிலியான் தனக்குத் தெரிந்த மூன்று சிங்களச் சொல்லில் இரண்டைச் செலவழித்தார்: "சாந்த அந்தோனி." பெடியன் சிலாபத்துக் கத்தோலிக்கன் போலும். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு அவனும் நாலு மூட்டை தூக்கினான். இத்தனை வருசம் எங்களுக்குக் குறுக்கே கிடந்த மூட்டைகள், இனி அந்தோனியாருக்குக் கீழே கிடக்கட்டும் என்று ஒரு வசனம் எனக்கு வந்தது. சொல்லவில்லை. பெடியன்தான் பேசினான், தனக்குத் தெரிந்த தமிழில்.

"பெருநா முடிஞ்சா திரும்பக் கொண்டு வாங்க. காம்புப் பெரிய மாத்தயா வந்து எண்ணுவார்."

பாய்

பெருநாளுக்கு முதல் நாள் போனேன். கோயில் பெண்கள் கூட்டின் முதுகில் நீலப் புடவைத் துணி இழுத்துக் கட்டியிருந்தார்கள். அடியிலிருந்து நுனிவரை. வானமாம். வெள்ளி நட்சத்திரமும் ஒட்டியிருந்தது. நல்ல வடிவு என்றேன். நான் வடிவு என்று சொல்வது வருசத்துக்கு ஒரு தரம்.

எமிலியான் வந்து என் கையிலிருந்த கணக்குத் தாளை வாங்கினார். மேலிருந்து கீழ் வாசித்தார். பிறகு தாளை மேலே தூக்கிப் பிடித்து, கையை விட்டார். அது பறந்து போய்ப் பூவரச மரத்தில் ஒட்டியது. சோளகக் காற்று. அந்த மாதத்தில் அந்தக் கரையில் குடை பிடிக்கிற ஒரு ஆளை எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம். கூட்டின் உயரம் போட்டேன், அகலம் போட்டேன், மூட்டை போட்டேன். காற்று என்று ஒரு வரி போடவில்லை. மன்னாரில் பிறந்து வளர்ந்த பொறியியல் ஆசிரியர். "நீங்க அந்தோனியாருக்குப் பாய் கட்டியிருக்கிறியள் சேர்," என்றார் எமிலியான். மூட்டையைக் கூட்டலாமா என்றேன். துணியைக் கழற்றினால் காணும் என்றார். பழைய வலை ஒன்றைக் கொண்டுவந்து அந்த இடத்தில் கட்டினார். காற்று உள்ளால் போய் வெளியால் வந்தது. பெண்களுக்குக் கோபம். இரண்டு கிழமை ஒட்டின நட்சத்திரம். அவர்களில் மூத்தவர் வலையைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பூக் குத்தலாம், அதில பிழை ஒண்டும் இல்லை. ஆனா எங்கட அந்தோனியார் பிடிபட்ட மீன் மாதிரி நிப்பார்."

நீர்மட்டம் காட்டாத இடம்

பின்னேரம் பூசை முடிந்து பவனி வெளிக்கிட்டது. முன்னால் சிலுவை, பிறகு பிள்ளைகள், பிறகு பூசை வைத்த சுவாமி, பிறகு லாண்ட்மாஸ்டரில் தவம், பின்னால் பெட்டியில் பன்னிரண்டு அடி அந்தோனியார். சனம் செபமாலை சொன்னது. நான் என் பாட்டுக்குச் சாய்வு சொன்னேன். காலையில் வீதி முழுக்க நீர்மட்டக் கட்டை வைத்து அளந்திருந்தேன். எந்த இடத்திலும் பயப்பட ஒன்றுமில்லை. பவளராணி எனக்குப் பக்கத்தில் நடந்தார். புருசனின் முதுகை விட்டு அவர் கண் அசையவில்லை.

பாதித் தூரத்தில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டின கான் ஒன்று வீதிக்குக் கோணலாகக் குறுக்கே கிடந்தது. கிடந்தது என்று இப்போது எழுதுகிறேன். அப்போது தெரியாது. குழாய் போட்டவர்கள் மண்ணைத் தள்ளி, மேலால் தடவி, போய்விட்டார்கள். என் நீர்மட்டம் அதை மட்டம் என்றது. பவனியில் வந்த பதினாலு மூட்டை, மட்டம் இல்லை என்றது. இடது சில்லு இறங்கியது. முதலில் சாண், பிறகு முழம். வெறும் பெட்டி என்றால் ஏறிப் போயிருக்கும். புதைத்தது என் மூட்டைதான், இரண்டு கோடு போட்ட மூட்டை. கூடு கடல் பக்கம் சாய்ந்தது. மேட்டுப் பக்கச் சில்லு நிலத்தை விட்டு எழும்பத் தொடங்கியது. கோடு எங்கே விழுகிறது என்று எனக்கு இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. முப்பத்தொரு வருசம் கரும்பலகையில் கீறின படம். "எல்லாரும் விலகுங்கோ," என்று கத்தினேன். சரியான புத்திமதி. பாடப்புத்தகத்திலும் அதுதான் இருக்கும்.

ஒருவரும் விலகவில்லை. எமிலியான் பாய்ந்து மேட்டுப் பக்க விளிம்பில் ஏறினார். கூட்டைக் கட்டின கயிற்றைப் பிடித்து, காலை விளிம்பில் ஊன்றி, உடம்பை வெளியே எறிந்து தொங்கினார். பின்னால் இன்னும் ஐந்து பேர், ஒருவர் பக்கத்தில் ஒருவர், பாய் வள்ளத்தில் குந்துகிற அதே ஒழுங்கில். ஏழாவதாக மூப்பர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. எழும்பின சில்லு அந்தரத்தில் நின்றது. அந்தோனியாரும் நின்றார். போகவுமில்லை, வரவுமில்லை. செபமாலை நின்றுபோனது. நான் கீழே நின்று, ஏழு பேரின் பாரத்தை மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். கயிற்றில் தொங்கியபடி மூப்பர் தலையைத் திருப்பினார்.

"சேர், நீங்களும் பாரமான ஆள்தானே. கீழ நிண்டு என்ன செய்யிறியள்?"

மறுதிருத்தம்

ஏறினேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். சில்லு இறங்கியது. தவம் கியரை மாற்றி, கானைக் கடந்து, மறுகரைக்குப் பெட்டியை ஏற்றினார். தன் வாழ்நாளில் அவர் கவிழாமல் கடந்த முதல் வாய்க்கால் அதுதான் என்று பவளராணி ஊருக்கே கேட்கச் சொன்னார். அந்தோனியார் மிச்ச எட்டு விரலோடு கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தார்.

திங்கட்கிழமை இணைப்பாளர் படிவத்தோடு வந்தார். செய்முறை சரிவந்ததா என்று ஒரு கட்டம். கணக்கு என்ன சொன்னது? எந்த இடத்திலும் சாயாது. என்ன நடந்தது? சாய்ந்தது. கணக்குப் பிழை. புள்ளி இல்லை. இணைப்பாளருக்கு வருத்தம்தான், ஆனால் படிவம் படிவம்தானே. எமிலியான் முன் கதிரையில் குந்தியிருந்தார். நான் அலுமாரியைத் திறந்தேன், அதாவது வளைந்த கதவை உதைத்தேன். அரையாண்டு விடைத்தாளை எடுத்தேன். கடைசிக் கேள்விக்குப் போட்ட சைபரை வெட்டி, ஐந்து போட்டேன். நாற்பத்தொன்று. இது விடைத்திட்டத்தில் இல்லையே சேர் என்றார் இணைப்பாளர். விடை பிழை என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். எனக்கு எப்படித் தெரியும், நீங்கள்தானே சேர் சொல்ல வேணும் என்றார். சரி என்று எனக்குத் தெரியும், நான் அதில் தொங்கினவன் என்றேன். அவர் படிவத்தை மடித்தார்.

விடைத்தாளை எமிலியானிடம் நீட்டினேன். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். எனக்கு நன்றி பிடிக்காது. எப்படி நிறுத்துவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவர் தன் விடையை ஆற அமர வாசித்தார். விரலை மடித்து ஏதோ எண்ணினார். பிறகு தாளை என் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"நான் நாலு பேர் எண்டு எழுதினனான் சேர். ஏற வேண்டி வந்தது எட்டுப் பேர், அதில நீங்களும் ஒராள். ஒரு புள்ளியைக் குறையுங்கோ, நாப்பது காணும்."

இப்போதும் அதே கேள்வியைத்தான் சோதனைக்குப் போடுகிறேன். விடைத்திட்டத்தில் மட்டும் ஒரு வரி கூடியிருக்கிறது: ஆட்கள் ஏறினால் ஐந்து, படிப்பிக்கிறவன் கீழே நின்றால் சைபர்.